மூன்று பேருக்கு இறுக்கிய ஸ்பிரிங்

மாமாவின் வண்டியில் போக வேண்டுமென்றால் முதலில் அதில் ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும். மலைப்பாதை, மண் ரோடு, ஆற்று மணல் எல்லாவற்றிலும் போகிற மாதிரி செய்த உயரமான பைக் அது. சங்ககிரிப் பக்கம் இருந்த எங்கள் ஊரிலோ மரவள்ளிக் காடும் லாரிப் பட்டறையும் தவிர வேறெதுவும் கிடையாது. ஊர்க்காரர்கள் அந்த வண்டிக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏனுங் மாப்ள, கூட ஏணியும் சேத்துக் குடுத்தாங்களா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். மாமா சிரிப்பார். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

அவர் அம்மாவின் தம்பி. அவருக்கு விவரம் தெரிவதற்குள் பெற்றவர்கள் இருவரும் போய்விட்டதால் அம்மாதான் வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது கூடவே தம்பியையும் அழைத்து வந்துவிட்டாள். சீர் வரிசையில் பாத்திரத்தோடு ஒரு பையனும் வந்தான் என்று அப்பா கேலி செய்வார். அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஆகவே எனக்கு வீட்டில் ஆண் துணை என்றால் மாமாதான். அவரும் ரிக் வண்டியில், போர்வெல் போடும் வேலைக்கு, வடக்கே போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவார். அங்கேதான் இமயமலைக்குப் போகிற பையன்கள் இந்த மாதிரி வண்டிகளில் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஒன்றை வாங்கிவிட்டார். இமயமலைக்கு ஒரு நாளும் போகவில்லை. என்னைத்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பின்சீட்டுக்காரிக்கு என்று அவர் வைத்திருந்த சட்டங்களெல்லாம் எனக்கு மனப்பாடம். இடது காலைக் கம்பியில் வைத்து, அவர் தோளைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏற வேண்டும். அவர் சாய்கிற பக்கம் நானும் சாய வேண்டும். பயந்துகொண்டு எதிர்ப் பக்கம் சாய்ந்தால் வண்டிக்குக் குழப்பம் வந்துவிடும். நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் தோளில் இரண்டு தட்டு. "முதுகப் பாத்துட்டு உக்காராத சாமி. என்ற தோளுக்கு மேல ரோட்டப் பாரு. என்ன வருதுன்னு உனக்கும் தெரியோணும்" என்பார். பெரிய மனுஷியிடம் பேசுவது போல என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்.

பின்சக்கரத்துக்கு மேலே ஒரு தடித்த ஸ்பிரிங் இருந்தது. அவர் தனியாகப் போகும்போது அது தளர்வாக இருக்கும். பின்னால் பெரிய ஆள் ஏறினால் அதற்கென்று இருக்கும் வளைந்த ஸ்பேனரைப் போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது பின்பக்கம் தரைக்கு இறங்கிவிடுமாம். எனக்காக அவர் அதை இறுக்கியதே இல்லை. நான் பாரத்தில் சேர்த்தி இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முதன்முதலாக அவர் அதை இறுக்கி நான் பார்த்தது நாமக்கல்லில் ஒரு மருந்துக் கடைக்கு முன்னால். எனக்கு ஷூ வாங்க என்று சொல்லிக் கூட்டிப் போயிருந்தார். ஷூவும் வாங்கினோம். பிறகு கடைக்குள்ளிருந்து ஓர் அக்கா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். மாமா ஸ்பேனரை எடுத்து மண்டி போட்டு உட்கார்ந்தார். அன்று அக்கா பின்னால், நான் நடுவில், மாமா முன்னால். அந்த அக்காவுக்கு உட்காரத் தெரிந்திருந்தது. வளைவில் மூன்று பேரும் ஒன்றாகச் சாய்ந்தோம். எங்கே போனோம் என்பது மறந்துவிட்டது, பொரி வாங்கித் தின்றது மட்டும் நினைவிருக்கிறது. இரண்டு பெரிய உடம்புகளுக்கு நடுவில் காற்றுகூடப் படாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கதகதப்பை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை.

அக்காவின் கணவர் லாரி விபத்தில் இறந்து நாலைந்து வருஷமாகியிருந்தது. மாமா அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரிக்குக்குப் போகிற பையனுக்கு எங்கள் பக்கம் பெண் கொடுக்கமாட்டார்கள். நாலு ஊரில் சாதகம் கொடுத்து நாலும் திரும்பி வந்திருந்தது. ஆனாலும் அம்மா அசையவில்லை. "தாயில்லாத பையன்னு அக்காக்காரி எவளையோ கட்டி வெச்சுட்டாளுன்னு ஊரே பேசும் தம்பி. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கோயில் நோம்பிக்குப் போவேன்?" என்று அழுதாள். மாமாவும் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை. வீட்டில் நான் ஒருத்தி மட்டும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையில் அம்மா பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோயில். அங்கே பூக் கேட்கலாம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வாழை இலையில் மடித்து நாரால் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். வயதுக்கு வராத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் தானே முன்னால் நின்று கல்யாணம் செய்து வைப்பதாக அம்மா சொன்னாள். சிவப்பு வந்தால் மாமா மறுபடி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மாமா ஒத்துக்கொண்டார்.

பூவை வீட்டுக்கு மூத்த பெண்தான் கட்ட வேண்டும் என்பது அம்மாவின் பிறந்த வீட்டு வழக்கம். விடிவதற்கு முன்பே குளித்து ஈரத்தலையோடு பொட்டலங்களைக் கட்டி மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். நீயும் பஸ்ஸில் வந்துவிடேன் அக்கா என்று மாமா கூப்பிட்டார். "நான் வந்தா, பூவ மாத்திப் போட்டுட்டாளுன்னு நாளைக்கு நீயே சொல்லுவ. நீயே போயிச் சாமியக் கேட்டுட்டு வா" என்றாள். அவ்வளவு நேர்மையான பேச்சு அது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து பார்த்தால் மாமா மண்டி போட்டு ஸ்பிரிங்கை இறுக்கிக்கொண்டிருந்தார். பின்கம்பியில் ஒரு புது ஹெல்மெட்டும் கட்டியிருந்தது.

"நானும் நீங்களுந்தானுங்களே மாமா?"

"திரும்பி வாரப்ப ஆள் கூடும் சாமி" என்றார். அக்கா பையோடு நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார் என்றும், வெள்ளை வந்தால் அப்படியே வீட்டுக்கு அழைத்துப் போய் அம்மா காலில் விழுந்துவிடுவோம் என்றும் வழியில் சொன்னார். அதாவது வெள்ளை வந்தால் நான் மறுபடி நடுவில் உட்காரலாம். எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஐப்பசி மாதம். வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. கரும்பு வண்டிகள் போய்ப் போய்க் கெட்டுப்போன மோகனூர் ரோட்டில், மூன்று பேருக்கு இறுக்கிய வண்டியில் இரண்டு பேராகப் போனதில், ஒவ்வொரு குழிக்கும் நான் சீட்டிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தேன். மஞ்சள் பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன்.

கோயிலில் பூசாரியும் நாங்களும்தான். சூடம் காட்டிவிட்டுப் பூசாரி என்னைக் கூப்பிட்டார். இரண்டு பொட்டலமும் ஒன்று போலவே இருந்தன. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, கையைக் கூப்பி நின்றிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வலது பக்கம் இருந்ததை எடுத்தேன்.

பூசாரி நாரைப் பிரித்தார். சிவப்பு.

"இப்பத்திக்கு வேண்டாம்ங்குது சாமி" என்றார் அவர். "செரிங்க" என்றார் மாமா. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இடது பக்கத்தை எடுத்திருக்கலாம். கை அங்கேதான் முதலில் போனது. மாமா என் தலையில் கை வைத்து, "நீ என்ன பண்ணுவ கண்ணு" என்றார். அது எனக்கு இன்னும் அழுகையை வரவழைத்தது.

மிச்சப் பொட்டலத்தை ஆற்றில் விட்டுவிட்டு வரச் சொன்னார். நான் படித்துறை வரைக்கும் போனேன். விட மனசு வரவில்லை. வெள்ளைப் பூவாவது அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஸ்வெட்டர் பையில் செருகிக்கொண்டு ஓடி வந்தேன்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அக்கா ஒரு துணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மாமா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "செவப்புங்களா?" என்று கேட்டார். மாமா தலையசைத்தார். பஸ்கள் சத்தம் போட்டுக்கொண்டு போயின, வந்தன. மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "மழ வாராப்ல இருக்குது. புள்ள நனையாம கூட்டிட்டுப் போங்க." என் கன்னத்தை ஒரு தடவை தொட்டார். பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். பொட்டலத்தைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. புது ஹெல்மெட் கட்டியபடியே இருந்தது.

திருச்செங்கோட்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்க, நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போய், யாருக்கும் தெரியாமல் பொட்டலத்தைப் பிரித்தேன்.

உள்ளே செவ்வரளி.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நெஞ்சின் மேலிருந்து ஒரு கல் இறங்கியது. ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, மாமா! இதுலயும் செவப்புதானுங்க! நான் எத எடுத்திருந்தாலும் செவப்புதான் வந்திருக்கும். எம்மேல தப்பே இல்லைங்க. சாமி ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே மாதிரி சொல்லியிருக்குது பாருங்க!"

மாமா டீயைக் கீழே வைத்தார். இலையை என் கையிலிருந்து வாங்கி வெகு நேரம் பார்த்தார். பூவைப் பார்க்கவில்லை, அறுந்து தொங்கிய நாரைத்தான் பார்த்தார். பிறகு பழையபடி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆமா சாமி. உம்மேல தப்பே இல்ல" என்றார்.

வண்டியைக் கிளப்பி நாமக்கல் பக்கமாகத் திருப்பினார். ஏதோ மறந்துவிட்டு வந்தோமென்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு புளியமரத்தடியில் காலை ஊன்றி நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் போயிருக்கலாம்தான். போனால் அந்த அக்காவிடம் காரணம் சொல்ல வேண்டும், பிறகு ஊருக்குச் சொல்ல வேண்டும். தன்னைத் தூக்கி வளர்த்தவள் சாமி பேரில் பொய் செய்தாள் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். இதெல்லாம் நானாக இப்போது போட்டுப் பார்க்கிற கணக்கு. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா வண்டியை மறுபடி ஊர்ப் பக்கம் திருப்பினார் என்பது மட்டும்தான்.

வீட்டில் அம்மா தட்டு எடுத்து வைத்திருந்தாள். மாமாவுக்குப் பிடித்த பச்சைப்பயறுக் குழம்பு. என்ன பூ வந்தது என்று அவள் கேட்கவே இல்லை. பசியோடு வந்திருக்கிறோமே என்று கேட்காமல் இருக்கிறாள் என நினைத்தேன். மாமா சோற்றைப் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரமே ரிக்குக்குப் போய்விட்டார். இன்று வரைக்கும் தனி ஆள்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், அம்மாவுக்குப் புடவை வாங்கி வருவார். ஒட்டகம் கொட்டகையில் படுதா போர்த்திக் கிடக்கிறது. அம்மாதான் துடைத்து வைக்கிறாள்.

அன்று புளியமரத்தடியிலிருந்து வீடு வரைக்கும் மாமா வண்டியை மெதுவாகவே ஓட்டினார். நான் சந்தோஷமாக, அவர் சொல்லிக்கொடுத்தபடி, தோளுக்கு மேல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் பிடித்திருந்த இரண்டு தோள்களும் குலுங்கிக்கொண்டே இருந்தன.

"மாமா, ஸ்பிரிங்கு ரொம்ப டைட்டா இருக்குதுங்க" என்றேன்.

"ஆமா சாமி" என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "ஊட்டுக்குப் போயி லூஸ் பண்ணிக்கலாம்."

அந்த மாதம்தான் புதிதாகத் தார் போட்டிருந்த சாலை அது. ஒரு குழிகூடக் கிடையாது. அவருக்குப் பின்னால் அதே சீட்டில் உட்கார்ந்திருந்த நான் ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை.