சர்புன்னிசாவின் சோடாத் தண்ணீர்

பேகம்பூரில் சர்புன்னிசாவின் வீட்டு முன்னறைதான் சோடா கம்பெனி. கணவர் அப்துல் லத்தீப், சைக்கிளில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், சினிமாக் கொட்டகை என்று கோலி சோடா போட்டுவிட்டு வருவார். பாட்டிலில் தண்ணீர் நிரப்புவது, கேஸ் ஏற்றுவது, இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுவது எல்லாம் சர்புன்னிசா. சுற்றிச் சுற்றி அவளுடைய வலது தோள் கொஞ்சம் புடைத்தே போயிருந்தது. அதில் அவளுக்குப் பெருமைதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் கிணற்றுத் தண்ணீர்தான். உப்புக் கரிக்கும். ஐம்பதுகளின் கடைசியில் வீட்டுக்குள் முனிசிபல் குழாய் வந்தது. முதல் டம்ளரைக் குடித்ததும், “என்னங்க, தண்ணி இனிக்குதுங்க!” என்று சிரித்தாள். ஆனால் காலையில் செத்த நேரம்தான் குழாய் வரும். பிடித்து வைப்பதற்காக லத்தீப் தன் கையாலேயே கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார். கொத்து வேலை அவருக்குத் தெரியாது. இருந்தாலும் வருகிறவர்களை எல்லாம் அழைத்துப்போய்த் தொட்டியைக் காட்டுவார்.

ஒரு கோடையில் தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. எதிர்வீட்டுச் சுந்தரம்மாளின் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். லத்தீப் பாய் சோடா குடித்தவர்களுக்குத்தான் வந்தது என்று பேச்சு கிளம்பியது. லத்தீப் கொதித்துப் போனார். “குழாய் சாக்கடை ஓரமா வருது. பழி மட்டும் என் சோடாவுக்கா?” என்று நேராக முனிசிபல் ஆபீசுக்குப் போய், சுகாதார ஆய்வாளர் ஞானதாஸைக் கையோடு கூட்டி வந்தார்.

ஞானதாஸ் ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வாய் கட்டிய கண்ணாடிப் பாட்டில்கள். குழாயைத் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைப் பற்றவைத்து அதன் வாயில் காட்டினார்.

“குழாய்க்கு எதுக்கு சார் சூடு போடுறீங்க?” என்றாள் சர்புன்னிசா.

“வாயில ஒட்டியிருக்கிற கிருமி பாட்டிலுக்குள்ள போயிட்டா, தண்ணி மேல வீணா பழி விழும்மா.”

தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலைப் பிடித்து மூடினார். சர்புன்னிசா கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்ப அந்தத் தொட்டியிலயும் ஒரு பாட்டில் எடுத்துருங்க சார்.”

“ஏம்மா, நான் கட்டுன தொட்டியவே சந்தேகப்படுறியா?” என்று லத்தீப் குரலை உயர்த்தினார்.

“சோடா குழாயிலருந்து நேரா வரலியேங்க. தொட்டியில கெடந்துட்டுத்தானே வருது.”

இரண்டு பாட்டில்களும் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு ரயிலேறின. முடிவு வரும்வரை சர்புன்னிசா சக்கரத்தைத் தொடவில்லை. லத்தீப் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞானதாஸே ஒரு நாள் வந்து சொன்னார். “பாய், குழாய்த் தண்ணி சுத்தமா இருக்கு. தொட்டித் தண்ணியிலதான் மலக்கிருமி.”

தொட்டியைக் காலி செய்து பார்த்தார்கள். அடி மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதற்கு அந்தப்பக்கம்தான் அவர்கள் வீட்டுக் கக்கூஸ் குழி. லத்தீப் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்புன்னிசா டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

“சுந்தரம்மா, கோளாறு எங்க தொட்டியிலதான். நானே வந்து சொல்லணும்னு வந்தேன்.”

சுந்தரம்மாள் முறத்தை வைத்துவிட்டு அழுதாள். “எம்புள்ள கண்ணு சொருகிக் கெடந்தா அக்கா. அம்புட்டும் ஆனப்புறம் இப்ப வந்து சொல்ற.” சர்புன்னிசா வாசற்படியிலேயே நின்றாள். சுந்தரம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நிக்காதக்கா, உக்காரு. புள்ள இன்னைக்குத்தான் சோறு திங்குறா.”

மறுநாள் லத்தீப் கடப்பாரையால் தொட்டியை உடைத்தார். ஈயம் பூசிய பித்தளை அண்டா வந்தது. சர்புன்னிசா குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, மூடி போட்டு ஆறவைத்து, பிறகுதான் பாட்டிலில் நிரப்பினாள். பாட்டில்களைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் அலசினாள். நடந்ததை லத்தீப் ஒவ்வொரு கடையிலும் ஒளிக்காமல் சொன்னார். சிலர் வேண்டாம் என்றார்கள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைச் சடையாண்டி மட்டும், “காய்ச்சி மூடி வச்ச தண்ணிதானே பாய், எறக்கிட்டுப் போங்க” என்றார். மற்றவர்கள் மெதுவாகத் திரும்பி வந்தார்கள்.

அதன் பிறகு வருஷா வருஷம் கோடைக்கு முன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது அவள் வழக்கமானது. “வேற வேலையில்ல” என்று முணுமுணுத்துக்கொண்டே லத்தீப்தான் ஞானதாஸைக் கூட்டி வருவார்.

அறுபதுகளின் நடுவில் ஒருமுறை லாரி ஏறித் தெருக்குழாய் உடைந்து, தண்ணீர் கலங்கலாக வந்தது. முனிசிபல்காரர்கள் சரிசெய்து, பரிசோதித்து, நல்லது என்று சொல்லும்வரை கம்பெனியைப் பூட்டிவிட்டாள். சும்மா இருப்பானேன் என்று இருவரும் வடமதுரையில் இருந்த அவள் தங்கை கமர்ஜஹான் வீட்டுக்குப் போனார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சர்புன்னிசா முதன்முதலாகப் பகலில் படுத்துத் தூங்கியது அங்கேதான். சாயங்காலம் கடைவீதியில் லத்தீப் இரண்டு சோடா வாங்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, “கேஸ் பத்தல” என்றார்.

“யாரோ தோள் வலிக்கச் சுத்துனது. குடிங்க பேசாம” என்று சொல்லிவிட்டு, அவள் தன் பாட்டிலை நிதானமாகக் குடித்து முடித்தாள்.