தர்ஷியின்ரை சண்டை டேபிள்

மழை விட்ட பிறகு மருதனார்மடம் சந்தையிலை இருந்து வாற வெங்காய மணம்... அதோடை கரண்ட் போனவுடனை யூபிஎஸ் கீ கீ எண்டு கத்துற சத்தம்.

எங்கடை முதல் ஒப்பீஸ் எண்டால் எனக்கு உது ரெண்டும்தான் ஞாபகம் வரும்.

உரக்கடை ஒண்டுக்கு மேல்மாடி. மூண்டு மேசை. முதலாளி அண்ணை, நான், தர்ஷி. கடையளுக்கு பில் போடுற சொஃப்ட்வெயர் செய்து குடுத்தம். அப்ப தர்ஷி எனக்கு மனுசி இல்லை, பக்கத்து மேசை மட்டும்.

நாங்கள் பாவிச்ச டேட்டாபேஸ் ஓப்பின் சோர்ஸ். உலகம் முழுக்க இருக்கிற ஆக்கள் சேர்ந்து எழுதி, சும்மா விடுறது. அண்ணைக்கு அதிலையே சந்தேகம்.

"சும்மா தாறாங்களோ? என்னத்துக்கு?"

"எல்லாம் திறந்துதான் கிடக்கு அண்ணை. வேணுமெண்டால் வாசிச்சுப் பாருங்கோ" எண்டா தர்ஷி.

"நான் பேப்பரிலை மரண அறிவித்தலே கண்ணாடி போட்டுத்தான் பிள்ளை வாசிக்கிறன். உதை எங்கை வாசிக்கிறது!"

அந்த டேட்டாபேஸ் ஆக்களிட்டை இருந்து கிழமைக்கு ஒரு மெயில் வரும். புது வெர்ஷன் நியூஸ், ஆரோ பிடிச்ச பிழையள், ரெண்டு மூண்டு டிப்ஸ். எனக்கு அது வந்தால் கொண்டாட்டம். "இந்த செட்டிங்கை மாத்தினால் வேகம் கூடும்" எண்டு போட்டிருந்தால், பிளேன்ரீ ஆறமுதல் மாத்திப்போடுவன்.

பக்கத்து மேசையிலை இருந்து குரல் வரும்.

"ஆர் சொன்னது?"

"மெயிலிலை போட்டிருக்கு."

"மெயிலிலை போட்டால்? அவையின்ரை மெஷினும் எங்கடை மெஷினும் ஒண்டோ? முதல்லை வேறை எங்கையும் போட்டுப் பாருங்கோ. சனத்தின்ரை கடையிலை விளையாடாதேங்கோ."

ஒண்டையும் நம்பமாட்டா. டேட்டா அழிஞ்சாலும் எண்டு பக்கப் கொப்பி எடுத்தாச்செண்டு சொன்னால், "திருப்பி ஏத்திப் பாத்தனீங்களோ?" எண்டு கேப்பா. ஏத்திப் பாக்காத பக்கப் அவவுக்கு பக்கப்பே இல்லை... வெறும் ஃபைல்.

"ஏத்தினனான். ஒரு எரரும் வரேல்லை."

"சத்தம் போடாமல் முடிஞ்சால்தான் எனக்குப் பயம். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாருங்கோ."

இப்பிடிக் கொழுவிக் கொழுவியே கலியாணம் வரைக்கும் வந்திட்டம்.

பிறகு டிப்ஸுகளைப் போட்டுப் பாக்கவெண்டு வீட்டு லப்டொப்பிலை சின்ன டேட்டாபேஸ் ஒண்டு செய்தா. அதுக்குள்ளை போட டேட்டா வேணுமே? எங்கடை சண்டையளைப் போடத் தொடங்கினா. பகிடி இல்லை... உண்மையாத்தான். ஒரு டேபிள், அதிலை ஒரு சண்டைக்கு ஒரு வரி. என்ன விஷயம், ஆர் பிழை, முடிஞ்சுதோ இல்லையோ.

"எல்லாத்திலையும் பிழை நான் எண்டெல்லே கிடக்கு?"

"டேட்டா பொய் சொல்லாதப்பா."

நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தால், "இல்லை" எண்டு கிடக்கிறதை "முடிஞ்சுது" எண்டு மாத்துவா.

பிறகு அவவுக்கு ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்திச்சினம். பயப்பிட ஒண்டுமில்லை எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்... நானும் நம்பினன்.

தர்ஷி வீட்டை வரேல்லை.

எனக்கு அழுகையும் வரேல்லை. சந்தேகம்தான் வந்தது. "சாப்பிட்டியோ" எண்டு ஆரும் கேட்டால், ஏன் கேக்கினம் எண்டு யோசிப்பன். கோப்பாயிலை இருந்து அப்பாவின்ரை தங்கச்சி, மாமி, புட்டோடை வந்தா. வாங்கேக்கையே நினைச்சன், உதுக்குப் பின்னாலை ஏதோ கிடக்கெண்டு. பெட்டியைக் கழுவிக் குடுக்கேக்கை சொன்னா, "கோபிக்காதை தம்பி... உனக்குப் பொருத்தமா ஒரு பிள்ளை இருக்கு."

புட்டிலையும் பிழை இல்லை, என்ரை சந்தேகத்திலையும் பிழை இல்லை.

லப்டொப்பும் பழுதாப்போச்சு. மிஞ்சினது பென் டிரைவிலை தர்ஷி எடுத்து வைச்ச பக்கப் ஒண்டு. அதை நான் திறக்கேல்லை. திறக்காதவரைக்கும் அது நல்லா இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம் பாருங்கோ...

போன கிழமை அந்த டேட்டாபேஸ் ஆக்களின்ரை அதே மெயில் வந்தது. அடுத்த வெர்ஷன் உவ்வளவு பழைய பக்கப்பை வாசிக்காதாம். வைச்சிருக்கிறவை இப்பவே ஏத்திப் பாக்கட்டாம்.

நம்பேல்லை. அனுப்பினவரின்ரை அட்ரஸை எழுத்தெழுத்தாப் பாத்தன். லிங்கை அமத்தேல்லை. நானே அவையின்ரை சைட்டுக்குப் போய்த் தேடி வாசிச்சன்.

உண்மைதான்.

முதலாளி அண்ணைக்கு கோல் எடுத்தன்.

"அதுக்கை என்னடாப்பா கிடக்கு?"

"எங்கடை சண்டையள் அண்ணை."



"ஏத்திப் பார். ஏத்திப் பாக்காமல் வைச்சிருக்க அந்தப் பிள்ளை உன்னை விட்டிருக்குமே?"

அடுத்தநாள் அதே மேல்மாடியிலை, அதே மேசையிலை இருந்து ஏத்தினன். முதல்லை பென் டிரைவிலை இருந்ததுக்கு ஒரு கொப்பி எடுத்துப்போட்டுத்தான்.

ஓடினது... முடிஞ்சுது. ஒரு எரரும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

பயமாக் கிடந்தது. உள்ளுக்கை பாத்தன்.

எல்லாம் இருந்தது. மீன்குழம்புக்கு உப்புக் கூடினதெண்டு சொன்னது, பிழை அவர். அவர் எண்டு அவ எழுதினது என்னைத்தான். கேக்காமல் அப்டேட் அமத்தினது, பிழை அவர். குடையை பஸ்ஸிலை விட்டிட்டு வந்தது, பிழை "நானாயிருக்கலாம்". அதிலை எனக்கு சிரிப்பு வந்திட்டுது. கனகாலத்துக்குப் பிறகு.

கடைசி வரி.

விஷயம்: கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போறனெண்டு சொல்லிப்போட்டு மீட்டிங்கிலை இருந்தது.
பிழை: அவர்.
முடிஞ்சுதோ: இல்லை.

கீரிமலைக்கு நான் பிறகு போனன். அவவின்ரை சாம்பலைக் கடலிலை கரைக்க.

அப்ப வெங்காய மணத்துக்கை இருந்துகொண்டு, மெயிலிலை வாறது எல்லாத்தையும் நான் நம்பினன். அவ ஒண்டையும் நம்பேல்லை. இப்பவும் அந்த மணம் வருது, மெயில் வருது, யூபிஎஸ் கத்துது... திருப்பி ஏத்திப் பாக்காமல் நான் ஒண்டையும் நம்பிறேல்லை. பக்கத்து மேசை சும்மா கிடக்கு.

அந்த "இல்லை"யை "முடிஞ்சுது" எண்டு மாத்த ஒரு வரி கட்டளை எழுதினால் காணும். எழுதினனான். என்டரிலை விரலும் வைச்சிட்டன்...

பிறகு அழிச்சிட்டன்.

முடிஞ்சுதெண்டு ஆர் சொன்னது?