அடுத்த பந்தி

நோன்புப் பெருநாள் மத்தியானம். குர்லாவில் காதர் பாயின் டிரங்குப்பெட்டிப் பட்டறை. ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் கொடுக்க வந்த என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். இருபது பேருக்கு ஆக்கிய நெய்ச்சோறு ஆறுகிறது. மதராசிகளை விரட்டச் சொல்லி மராத்திக்காரர்கள் கூட்டம் போட்டதும், வேலையாட்கள் பயந்து ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

"தெரிஞ்சுமா இவ்வளவு ஆக்கினீங்க?" எனக்கு எரிச்சலே வருகிறது.

"கை குறைக்க மாட்டேங்குது, அண்ணாச்சி."

கறியைப் பரிமாறுகிறார்.

"பையனை மராத்திப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன். அவனையாவது விரட்ட மாட்டாங்கல்லா?"

"நீங்களும் உட்காருங்க" என்கிறேன்.

"வேலைக்காரன் எந்திரிச்ச பொறவுதான் மொதலாளி உக்காரணும். வாப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

கைகழுவித் திரும்புகிறேன். காதர் பாய் உட்காரவில்லை. அடுத்த பந்திக்கு ஜமுக்காளத்தை உதறி விரித்துக்கொண்டிருக்கிறார்.