பிடரியில் ஒரு சிக்கு

நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் அந்தக் கடையில் அவளுக்குச் சீப்பக்கா என்று பெயர். அவள் முதுகுக்குப் பின்னால்தான். நேரில் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. அவள் வாய்க்குப் பயந்து, கடைக்குக் கிளம்பும் முன் நாயைப் பிடித்து அவசர அவசரமாகச் சீவிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அந்தப் பருப்பெல்லாம் அவளிடம் வேகாது. நாயை மேசைமேல் நிறுத்தி, கழுத்துப்பட்டையைக் கழற்றி, காதுக்குப் பின்னால் எஃகுச் சீப்பைத் தோல்வரை இறக்குவாள். சீப்பு நடுவிலேயே நின்றுவிடும்.

"தெனம் சீவறேன்னு சொன்னீங்க. எங்க சீவினீங்க? மேல தடவிக் குடுத்திருக்கீங்க. அடியில பாருங்க, கம்பளி மாதிரி திரண்டு கெடக்கு. இது மேல தண்ணிய வேற ஊத்தினா கல்லாட்டம் இறுகிடும்."

நாய்க்காரர்கள் தலையைச் சொறிவார்கள். மொட்டை அடிக்காமல் சிக்கை மட்டும் எடுத்துத் தர முடியாதா, பார்க்க அசிங்கமாக இருக்குமே என்று இழுப்பார்கள்.

"அழகு உங்களுக்கு, வலி மட்டும் அதுக்கா?" என்று ஒரே போடாகப் போடுவாள்.

கல்யாணம் சரிப்பட்டு வராமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். அப்போது கிடைத்த வேலை இது. முதலில் குளிப்பாட்டினாள், பிறகு நகம் வெட்டினாள், பிறகு கத்தரி பிடித்தாள். மணிக்கட்டு தேய்ந்ததுதான் மிச்சம் என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் புசுபுசுவென்று ஒரு நாயை முடித்து இறக்கிவிடும்போது அந்த முகத்தில் வரும் மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

வீட்டில் அவளும் அம்மாவும்தான். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடந்தாள். காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, தலையணையில் இருந்தபடியே முன்முடியையும் இரண்டு பக்கத்தையும் சீவி, உச்சியில் கிளிப் போட்டுவிட்டு ஓடுவாள். மத்தியானம் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அவளுக்குக் கை தோளுக்கு மேல் எழாது. முன்னாலிருந்து பார்க்க அம்மா பளிச்சென்று இருந்தாள். அதுவே போதும் என்று மகளும் இருந்துவிட்டாள்.

வெளியூரில் இருக்கும் அண்ணன், அண்ணியோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் செய்தான். தலைக்குக் குளிப்பாட்டிவிடலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். பிடரியில் விரல்கள் பட்டன.

அது என்னவென்று அவள் பார்க்க வேண்டியதே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு, தோலோடு ஒட்டி, கெட்டியாகத் திரண்டிருந்தது. ஓரத்தை விலக்கினால் அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. ஒரு வாடையும் வந்தது. எத்தனை நாய்களின் காதுக்குப் பின்னால் இந்த வாடையை முகர்ந்திருக்கிறாள், எத்தனை பேரை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறாள்! வெட்கத்தில் காது மடல்கூட எரிந்தது.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா உடனே எடுக்க உக்காருவே. உனக்குக் கை வலின்னு ராத்திரியெல்லாம் முனகற."

அப்போதே அவள் முடி வெட்டும் மிஷினை எடுத்திருக்க வேண்டும். வேறு யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் நினைப்பெல்லாம் அண்ணிமேல் இருந்தது. பின்மண்டையில் மொட்டையைப் பார்த்தால் அண்ணி என்ன நினைப்பாள்? 'ஊர் நாய்க்கெல்லாம் சீவறா, பெத்தவளக் கவனிக்கல' என்று நினைக்க மாட்டாளா? எண்ணெயைத் தடவி, அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சிக்கைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

"இன்னும் கொஞ்சம்தாம்மா. இதோ ஆச்சு."

ஆகவில்லை. அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ரொம்ப நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள், கடைசியில் கேட்டாள்.

"நானும் கடிக்கணுமாடி? கடிச்சாத்தான் நிறுத்துவியா?"

கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். எண்ணெய் போடுவதற்காகக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த மிஷினைப் பையிலிருந்து எடுத்து, பிரிக்காத பிளேடு ஒன்றை மாட்டினாள். ஓடவிட்டு, சூடு ஏறுகிறதா என்று தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள்.

"நாய்க்குப் போடறதா அது?"

"பிளேடு புதுசும்மா."

"உண்ணி கிண்ணி ஒட்டிக்கப் போவுது."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு மட்டும் கூடவே அழுகையும் வந்தது. சிக்கு முழுதாக, ஒரே துண்டாகக் கழன்று வந்தது. காகிதத்தில் பொதிந்து குப்பைக் கூடையின் அடியில் திணித்தாள்.

மறுநாள் அண்ணி உள்ளே வந்ததும் அம்மா முந்திக்கொண்டாள்.

"பின்னாடி ஒரே வெக்கை. நாந்தான் ஒட்ட வெட்டிவிடச் சொன்னேன்."

"நல்லதுதான் அத்தை," என்றாள் அண்ணி. பிறகு அவளிடம் திரும்பி, "உன்ன மாதிரி பாத்துக்க யாரால முடியும்? நான்னா என்னிக்கோ சலிச்சிருப்பேன்," என்றாள். அண்ணனும் தலையாட்டினான்.

அந்தப் பாராட்டு அவளைக் குத்திக் கிழித்தது. வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"வெக்கையும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணி. சிக்கு. தோல் புண்ணாகற அளவுக்கு. முன்னாடி மட்டும் சீவிட்டு நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கேன். அம்மா என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்க."

சொன்னதும் நெஞ்சு லேசானது. அண்ணன் எழுந்து கட்டிலுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். அண்ணியும் பார்த்தாள். அண்ணியின் கை தன்னை அறியாமல் மூக்குப் பக்கம் போய், பாதியில் இறங்கியது. அம்மா போர்வையை இழுத்து, மெதுவாகத் தலையை மூடிக்கொண்டாள். அவர்கள் கிளம்பும்வரை எடுக்கவே இல்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"மறைக்க மனசு வரலம்மா. தப்பு என்னோடதுதானே."

"தப்பு உன்னோடது. அதச் சொல்லி நீ லேசாயிட்டே," என்றாள் அம்மா, போர்வைக்குள்ளிருந்து. "தலை என்னோடதுடி. அத எதுக்கு என் மருமகளுக்குக் காட்டின?"

போர்வையை விலக்கப் போன கையை அவள் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.