அம்மாவுக்கு ஒரு ஜோடி டயர்

"பள்ளிக்கூடம் போனா டயரு பாக்கத் தெரிஞ்சிருமாக்கும்? நீ ஊட்ல இரு அம்மணி," என்றார் மாமா.

அம்மாவின் தம்பி அவர். பழைய லாரி டயர் வாங்கக் கோயம்புத்தூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

எங்கள் மாட்டு வண்டிக்கு அதுவரை இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கரம்தான். இடுப்பு வலி வந்த பிறகு அம்மாவால் அதில் கால் மைல்கூட உட்கார முடியவில்லை. பஸ் பிடிக்க ரோட்டுக்குப் போவதென்றாலும் அதே வண்டிதான். ஏழு மைலில் இருக்கும் அவிநாசிக் கோயிலுக்கு அவள் போய் மூன்று வருடமாகிவிட்டது. இந்தத் தேருக்காவது கூட்டிப் போக வேண்டும் என்றுதான் அப்பா டயர் வண்டிக்குச் சம்மதித்தார். ஆசாரி வண்டியைச் செய்து முடித்துவிட்டார், டயர்தான் பாக்கி.

கடையில் மாமா டயரை மாடு பார்ப்பதுபோலவே பார்த்தார். தட்டினார், தடவினார், நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினார். கடைசியில் அதிகம் தேயாத இரண்டைத் தேர்ந்தெடுத்தார்.

நான் குனிந்து பக்கவாட்டில் புடைத்திருந்த இங்கிலீஷ் எண்களைப் பார்த்தேன். அவற்றைப் படிக்கத் தெரிந்தவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். உள்வட்டத்தின் எண் இரண்டிலும் ஒன்று. அகலத்தின் எண் வேறு வேறு; அகலம் கூடினால் உயரமும் கூடும்.

"மாமா, இது ரெண்டும் ஜோடி இல்லீங்க."

"ரெண்டும் கறுப்புத்தானே அம்மணி? கல்யாணமா பண்ணப் போறோம், பொருத்தம் பாக்கறதுக்கு?"

கடைக்காரரோடு சேர்ந்து மாமாவும் சிரித்தார். டயரைக் கட்டக் கொண்டுபோயிருந்த கயிற்றால் ஒன்றைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை மற்றதில் சுற்றினேன். முடிச்சு ஏழு விரல் தாண்டிப் போய் விழுந்தது.

"வண்டி ஒரு பக்கம் சாஞ்சே போகுமுங்க. அம்மாளுக்கு மறுபடியும் இடுப்புப் புடிச்சுக்கும். தாழ்ந்த பக்கத்து மாட்டுக்குக் கழுத்துப் புண்ணாயிரும்."

மாட்டைச் சொன்னதும் மாமா சிரிப்பை நிறுத்தினார். குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க அம்மணி சொல்ற நம்பர்ல ரெண்டு எடுங்க," என்றார் கடைக்காரரிடம்.

வந்ததில் ஒன்றின் உள்ளே கைவிட்டுத் தடவினேன், ரப்பருக்குள் ஓடும் நூல் கிழிந்திருந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு மாற்றாக வந்த மூன்றாவதுதான் தேறியது. இந்த முறை கடைக்காரர் சிரிக்கவில்லை.

தேரன்று அம்மா வைக்கோல்மேல் சமுக்காளம் விரித்து, வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மைல் போனதும் பிடியை விட்டாள்.

"ஏங்கண்ணு, வண்டி போகுதா, நிக்குதா?"

தானே எடுத்ததுபோல மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "டயரு யாரு எடுத்ததுங்கக்கா?" என்றார்.

"அதான் உம்பட மூஞ்சியிலயே தெரியுதே, அவதான்னு," என்றாள் அம்மா. நானும் அப்பாவும் சிரித்த சிரிப்பில் மாடுகள் காதை ஆட்டின.

அவிநாசியில் அம்மா தானே இறங்கி நடந்தாள். தேர் நிலைக்கு வரும்வரை நின்று பார்த்தாள். திரும்பும் வழியில், "பழனி எத்தன மைலு?" என்று கேட்டாள்.

பழனிக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. என்றாலும் நேற்று அச்சுக்குக் கீழே கல்லை முட்டுக் கொடுத்து, டயர் சமமாகத் தேயும்படி இரண்டு சக்கரத்தையும் கழற்றி இடம் மாற்றி, காற்றடித்து வைத்துவிட்டேன்.