அக்கா வீட்டு மௌனம்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். கணவன் மனைவி உறவைப் பற்றி எவ்வளவோ ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் வகுப்பறையைத் தாண்டுவதில்லையே என்ற ஆதங்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டார மகளிர் குழுக்களில் பேசத் தொடங்கினேன்.

முதல் கூட்டம் காணை கிராமத்தில். கட்டுரைகளிலிருந்து தமிழாக்கிய சொற்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "டீச்சர், இதெல்லாம் எங்களுக்குப் பரீட்சையில வருமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இனி கதையாகத்தான் சொல்ல வேண்டும் என்று வரும்போது பேருந்திலேயே முடிவு செய்தேன்.

கதை என் கைவசம் இருந்தது. திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி போன் செய்து அழுவாள். மாமா அங்கே இரும்புக்கடை வைத்திருக்கிறார்.

"ஒரே வூட்டுல இருந்துக்கினு எங்கிட்ட ஒரு வார்த்த பேசறதில்லடி. எது வேணும்னாலும் பொண்ணுகிட்டதான் சொல்றாரு. நான் ஏதாவது கேட்டா திரும்பிக்கூடப் பாக்காம போய்க்கினே இருக்காரு."

வேறு வழியில்லாமல், சொல்ல வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாளாம். அவர் படித்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவாராம்.

அடுத்த கூட்டம் கோலியனூரில். இரும்புக்கடையை ஜவுளிக்கடை ஆக்கினேன். மகளை மகன் ஆக்கினேன். காலண்டர் தாளை மட்டும் மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம். அந்த இடத்தில்தான் கூட்டம் அசையாமல் கேட்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியே கேட்டது. "கத்திச் சண்டை போடுவதைக்கூடத் தாங்கிவிடலாம். பதில் சொல்லாமல் சுவர் மாதிரி நிற்பது அதைவிடக் கொடுமை. பெண்டாட்டியை ஒரு ஆளாகவே மதிக்காதவர்தான் அப்படி நிற்பார்" என்று முடித்தேன். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். தடுக்கவில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அக்கா மகள் கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம்.

"சித்தி, வாட்ஸப்புல ஒரு ஆடியோ சுத்திக்கினு இருக்குது. அதுல பேசறது நீங்கதானே?"

"ஆமாம்" என்றேன்.

"அப்பா கேட்டுட்டாரு. அம்மாவும் கேட்டுட்டாங்க."

மறுநாள் காலை கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டுத் திண்டிவனம் பேருந்தில் ஏறினேன். மன்னிப்புக் கேட்கும்போது காரணம் சொல்லக்கூடாது, செய்ததைச் செய்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தவள் நான். மயிலம் கூட்ரோடு தாண்டும்வரை அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அக்கா கதவைத் திறந்ததும் என் வாயில் முதலில் வந்தது, "பேரு ஊரெல்லாம் மாத்திதாங்கா சொன்னேன். நல்ல எண்ணத்துலதான்…"

"உங்கிட்ட அழுதேன். நீ பாடம் நடத்தறதுக்கா அழுதேன்?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கடைக்கு நடந்தேன்.

மாமா கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "மாமா, தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவர் தலையைச் சாய்த்தார்.

"இந்தப் பக்கம் வந்து, கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

எனக்கு விளங்கவில்லை. வலப்பக்கம் போய் நின்று மறுபடி சொன்னேன்.

"எடது காது சுத்தமாப் போயிடுச்சு. இதுவும் பாதிதான். உங்கக்கா அடுப்பாங்கரையிலருந்து பேசறது ஒண்ணும் வுழறதில்ல. என்னா, என்னான்னு கேட்டா அவளுக்கு எரிச்சலாவுது. பொண்ணு நேரா மூஞ்சிக்கு எதிர வந்து நின்னு பேசும். அதான் அதுங்கிட்டயே சொல்லிக்கினு இருந்தேன்."

"அக்காகிட்ட ஏன் மாமா சொல்லல?"

"கூச்சம்தான். இந்த வயசுலயே செவிடாயிட்டேன்னு எப்பிடிச் சொல்றது?" கல்லாப் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார். எல்லாம் காலண்டர் தாள்கள். "அவ பேசினதுல எனக்கு முழுசா வந்து சேந்தது இதுதான்."

கடைக்கு ஆள் வந்தது. ஆணி நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"உன் ஆடியோவ இயர்போன் மாட்டி ஃபுல் சவுண்டுல கேட்டேன். ஒரு வார்த்த வுடாமக் கேட்டேன். பொண்டாட்டிய ஆளா மதிக்காதவன்னு சொல்லியிருந்த."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

"நான் போய் அக்காகிட்ட சொல்லட்டுமா மாமா?"

"வேணாம். இதையாவது நானே சொல்லிக்கிறேன்."

அந்த வாரமே சொல்லிவிட்டார். இருவரும் புதுச்சேரி போய்க் காது மருத்துவரைப் பார்த்து, மிஷின் வாங்கி வந்தார்கள். இப்போது வீட்டில் பேச்சு நடக்கிறது, சண்டையும் நடக்கிறது என்று அக்கா மகள் சொன்னாள்.

மறுபடி கோலியனூருக்குப் போனபோது, ஒருவர் பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு இன்னொருவருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன், நான் சொன்னது தப்பு என்றேன். யாருடைய கதை என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினார்கள். இதை யாரும் பதிவு செய்யவில்லை. பழைய ஆடியோ இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அழிக்கச் சொல்லி எத்தனை பேரைத் தேடிப்போவது?

ஆறு மாதம் கழித்து அக்கா தானாகவே போன் செய்தாள். இப்போதும் செய்கிறாள். மழை பெய்ததா, மகளுக்கு எந்தக் கல்லூரி பார்க்கலாம் என்று பேசுவோம். "மாமா எப்படிக்கா இருக்காரு?" என்று கேட்டால், "நல்லா இருக்காரு" என்பாள். முன்போல வீட்டு விஷயம் எதுவும் சொல்வதில்லை; நான் வேறு பேச்சு எடுக்கட்டும் என்று காத்திருப்பாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.