கவிழ்த்த கூடை

கூடையைக் கவிழ்த்ததும் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள் கருப்பாத்தாள். "கம்முனு இருங்க, இங்கதான் இருக்கறன்." உள்ளே கத்தும் ஆட்டுக்குட்டிகள் அடங்கிவிடும். நான் தட்டினால் இன்னும் உரக்கக் கத்தும்.

தாராபுரம் பக்கத்துக்காரி. மாங்காய் பறித்து முடிந்த வைகாசியில், கணவர் பழனிச்சாமியோடு இருநூறு செம்மறிகளை ஓட்டிக்கொண்டு முதலமடைக்கு நடந்தே வருவாள். எருவுக்காகத் தோப்புக்காரர்கள் பட்டி போடச் சொல்வார்கள். காலில் ஆண்பிள்ளைச் செருப்பு, தலையில் துண்டு. ஆடுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. பக்கத்துத் தோப்புக்காரனான என் பெயர் மட்டும் அவள் வாயில் நுழையாது. என் மோட்டாரில் தண்ணீர் பிடிப்பதால், "ஏனுங்க மோட்டார்காரரே" என்பாள். பழம் கொடுத்தால் வாங்கி ஆட்டுக்குப் போடுவாள்.

ஒன்பது வருடம் முன்பு என் பக்கத்துத் தோப்புக்காரர் பொங்கியண்ணன் தோப்பில் பட்டி போட்டிருந்தபோது அவள் மகள் நர்மதாவுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு வயது. ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை பிணமாகத்தான் திரும்பியது. வேலியோர மாமரத்தடியில் புதைக்கப் பொங்கியண்ணன் இடம் கொடுத்தார். நாய் தோண்டிவிடக் கூடாதென்று மண்மேல் ஆட்டுக்குட்டிகளை மூடும் கூடையைக் கவிழ்த்துக் கல்லை வைத்தாள். விடிந்தால் கிளம்பியாக வேண்டும். தோப்பில் ஆடுகளுக்கு ஒரு வாய் புல் கிடையாது.

ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னாள். "குட்டிகளுக்கு வேணுமேன்னு கூடைய எடுத்துட்டு வந்துட்டனுங்க. எம்புள்ளைய வெறும் மண்ணுல உட்டுட்டு." மோட்டாரை நிறுத்துகிற சாக்கில் எழுந்து போனேன்.

அதன்பின் வருடாவருடம் அந்த மரத்தடியில்தான் கூடையைக் கவிழ்ப்பாள், பக்கத்திலேயே படுப்பாள். இந்த வருடம் பொங்கியண்ணன் இல்லை. மகன் ரமேஷ்குமார் சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டான். ஆடு மிதித்தால் உடையும், இனிப் பட்டி வேண்டாமென்று மரியாதையாகவே சொன்னான். மந்தை ரோட்டில் கடந்துபோகும் நேரமாவது உள்ளே போய்வரக் கேட்டாள். கேட்டைத் திறந்துவிட்டான்.

குழாய்களை மிதிக்காமல் தாண்டிப் போய், வெறுங்கூடையை மரத்தடியில் கவிழ்த்தாள். கல்லொன்றைத் தேடி மேலே வைத்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். எப்போதும் சொல்வதைச் சொல்லவில்லை.

வெளியே இரண்டு குட்டிகளைக் கையில் பிடித்தபடி பழனிச்சாமி நின்றார். "கூடை எங்க?" என்றார். அவள் குட்டிகளை வாங்கிச் சேலை மடியில் கட்டிக்கொண்டு மந்தைக்குப் பின்னால் நடந்தாள்.